மாலத்தீவுக் காய்ச்சலும் 45 டாலர் அறையும்

இது கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

சேர்ந்தாற்போல் ஐந்து நாள் லீவு கிடைத்தது. அரசு மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், அது லாட்டரி மாதிரி. மாலத்தீவு போனேன். உடனே தண்ணீர் மேல் நிற்கும் குடில், நீச்சல் குளத்தில் மிதக்கும் காலை உணவுத் தட்டு எல்லாம் கற்பனை பண்ணாதீங்க. அந்த மாதிரி இடத்தில் மூன்று ராத்திரி தங்கினால் என் ஒரு மாசச் சம்பளம் காலி.

நான் போனது மாஃபுஷி என்கிற தீவு. தலைநகர் மாலேயிலிருந்து தெற்கே சுமார் 27 கிலோமீட்டர். ஊர் மக்கள் போகும் ஃபெர்ரியில் ஒன்றரை மணி நேரம். தீவின் நீளமே ஒன்றேகால் கிலோமீட்டர்தான். நம்ம ஊரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெரியாஸ்பத்திரி வரை நடக்கிற தூரம். கடற்கரையை ஒட்டி மூன்று மாடி, பன்னிரண்டு அறை. ஏசி, கட்டில், ஜன்னலைத் திறந்தால் கடல். காலை உணவோடு ஒரு ராத்திரிக்கு 45 டாலர்.

இரண்டாம் நாள் ராத்திரி காய்ச்சல் வந்துவிட்டது. 101. உடம்பு வலி, குளிர்.

நான் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். டாக்டர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ளும் வைத்தியம் எப்போதும் இவ்வளவுதான். ஆனால் விடுதிக்காரர் விடவில்லை. ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாத மனிதர். காலையில் சாப்பிட வரவில்லை என்றதும் கதவைத் தட்டினார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "டாக்டர், ஹெல்த் சென்டர் போகணும்" என்றார். கேட்கவில்லை, சொன்னார். பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போய்விட்டார்.

அங்கே டியூட்டியில் இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து டாக்டர் ஒருவர். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மாலத்தீவு ஹெல்த் சென்டர்களில் இந்திய டாக்டர்களும் நர்சுகளும் நிறைய பேர் வேலை பார்க்கிறார்கள். என்ன காலேஜ், என்ன பேட்ச் என்று விசாரித்து முடித்த கையோடு அவர் கேட்டது:

"சார், இந்தியாவுல இருந்து எப்ப வந்தீங்க? ஒரு மலேரியா ஸ்மியர் எடுத்துடலாம்."

"மேடம், எனக்கு வைரல் ஃபீவர்தான்னு தோணுது."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா இங்க வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்கு ஃபீவர்னா முதல்ல அதுதான் சார்."

விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்த த்ரெட்.

இந்தத் தீவுகளுக்கு வந்த வெளியூர்க்காரன் காய்ச்சலில் படுப்பது ஏறத்தாழ 700 வருஷத்துப் பழைய கதை. ஒரே வித்தியாசம், அப்போது காய்ச்சல் தீவில் காத்திருந்தது. வந்தவன் வாங்கிக்கொண்டான். இப்போது சந்தேகம் நம்ம மேல்.

முதல் சாட்சி இபுனு பதூதா. மொராக்கோவிலிருந்து கிளம்பி உலகம் சுற்றியவர். 1343இல் மாலத்தீவு வந்தார். சட்டம் படித்தவர் என்பதால் காஜியாக, அதாவது நீதிபதியாக, நியமித்தார்கள். அங்கேயே கல்யாணங்களும் செய்துகொண்டார். ஒன்றல்ல, நான்கு. இந்தத் தீவுக்கு வருகிற எவரும் காய்ச்சலுக்குத் தப்ப முடியாது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அவரும் தப்பவில்லை.

இதில் நம்ம ஊர்த் தொடர்பு ஒன்று இருக்கிறது. அரசியல் பகையால் மாலத்தீவை விட்டுக் கிளம்பியவர், இலங்கை வழியாக வந்து சேர்ந்த இடம் மதுரை சுல்தானகம். மதுரை சுல்தான் கியாசுதீன் அவருக்குச் சகலை முறை. அந்தச் சுல்தானைப் பிடித்து, படை அனுப்பி மாலத்தீவைப் பிடிக்கலாம் என்று திட்டமே போட்டார். (மாப்பிள்ளையாகப் போன இடத்துக்கே படையெடுக்கிற ஆள்.) அந்த நேரத்தில் மதுரையில் ஒரு கொள்ளைநோய். இரண்டு மூன்று நாளில் ஆட்கள் சாகிறார்கள். சுல்தானும் சீக்கிரமே இறந்துபோனார். இபுனு பதூதாவுக்கும் கடுமையான காய்ச்சல் வந்தது. நிறையப் புளியைக் கரைத்துக் குடித்தாராம், மூன்று நாள் வயிறு போய்ப் பிழைத்தாராம். புளிக்குப் பேதி ஆக்கும் குணம் உண்டு என்பது சரி. காய்ச்சல் அதனால்தான் போனது என்பதற்கு நான் பொறுப்பில்லை. தயவுசெய்து யாரும் முயற்சி செய்து பார்க்க வேண்டாம்.

படையெடுப்புத் திட்டம் அப்படியே நின்றுபோனது.

அடுத்த சாட்சி பிரான்சுவா பிரார் என்கிற பிரெஞ்சுக்காரர். 1602இல் அவர் வந்த கப்பல் மாலத்தீவின் பவளப் பாறையில் மோதி உடைந்தது. கப்பலின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: கோர்பின். பிரெஞ்சில் காக்கை இனப் பறவையைக் குறிக்கும் பழைய சொல். உயிர் தப்பிக் கரை சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. பலரைக் கொண்டுபோனது காய்ச்சல்தான். பிரார் மட்டும் ஏறத்தாழ ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தார். திவேஹி மொழி கற்றுக்கொண்டார். 1607இல் வங்காளப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து தீவைச் சூறையாடியபோது தப்பித்தார். ஊருக்குப் போய்ப் புத்தகம் எழுதினார். இந்தியா முழுக்க 'மாலத்தீவுக் காய்ச்சல்' என்றே அந்த நோயைச் சொல்வார்கள் என்று அதில் குறிப்பிடுகிறார்.

1834இல் ஆங்கிலேயர்கள் தீவுகளை அளந்து வரைபடம் போட வந்தார்கள். யங், கிறிஸ்டோபர் என்று இரண்டு லெப்டினன்ட்கள் மக்களின் பழக்கவழக்கங்களைப் படிக்க மாலேயில் தங்கினார்கள். இருவருக்கும் காய்ச்சல்.

அந்தக் காலத்துக் காய்ச்சலுக்கெல்லாம் நம்மால் இன்று ஸ்மியர் எடுத்துப் பார்க்க முடியாது. ஆனால் அதில் பெரும்பங்கு மலேரியா என்றுதான் கருதப்படுகிறது. அதற்கு ஒரு தடயம் மாலத்தீவு மக்களின் ரத்தத்திலேயே இருக்கிறது. தலசீமியா. ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் கோளாறான மரபணு வந்தால் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரிய தொந்தரவில்லை. சொல்லப்போனால் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு. அதனால் மலேரியா தலைமுறை தலைமுறையாகக் கொன்ற ஊர்களில் இந்த மரபணு உள்ளவர்கள் பிழைத்துப் பெருகுவார்கள். மாலத்தீவில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இதைச் சுமக்கிறார். உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. எம்பிபிஎஸ் இரண்டாம் வருஷத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோன ஒரு வரி, ஒரு நாட்டின் வரலாறாக எதிரில் நிற்கிறது.

அதாவது வெளியூர்க்காரன் ஒரு வாரம் படுத்ததை எழுதி வைத்தான். உள்ளூர்க்காரன் எழுதவில்லை. அவன் பிள்ளைகள் செத்தார்கள்.

1960களின் நடுவில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு மலேரியா ஒழிப்பு வேலை தொடங்கியது. யோசித்துப் பாருங்கள். ஏறத்தாழ 1,200 தீவுகள். அதில் 200க்கும் குறைவானவற்றில்தான் ஆட்கள். ஒவ்வொன்றுக்கும் தோணியில் போக வேண்டும். (திவேஹியிலும் அது 'தோனி'தான்.) வீடு வீடாக மருந்து அடிக்க வேண்டும், கிணறு கிணறாகக் கொசுப்புழு பார்க்க வேண்டும், காய்ச்சல்காரனிடம் ரத்தம் எடுத்து, மாத்திரை கொடுத்து, மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும். நம்ம ஊர் ஹெல்த் இன்ஸ்பெக்டர்கள் செய்வதுதான், கடல் நடுவில். 1984தான் உள்ளூரில் தொற்றிய மலேரியா கடைசியாகப் பதிவான வருஷம். 2015இல் உலக சுகாதார நிறுவனம் மாலத்தீவை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தில் அதுதான் முதல் நாடு. அடுத்த வருஷமே யானைக்காலும் ஒழிந்தது.

இப்போது விடுதிக்கு வருகிறேன்.

1972. மாலத்தீவு ஏழை நாடு. பிரதான ஏற்றுமதி மாசி. சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, கட்டை மாதிரி காயவைப்பது. கீழக்கரை, காயல்பட்டினம் வீடுகளில் கேளுங்கள், டப்பாவில் இருக்கும். அதை வாங்கிய பெரிய சந்தை இலங்கை. எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கைக்கே அந்நியச் செலாவணி நெருக்கடி. மாசி இறக்குமதியைச் சுருக்கிவிட்டார்கள். மாலத்தீவுக்கு அடுப்பு அணைந்த மாதிரி.

அந்த நேரத்தில்தான் ஜார்ஜ் கோர்பின் என்கிற இத்தாலியப் பயண முகவர், யாரும் போகாத தீவு எங்கே என்று தேடிக் கொழும்புக்கு வருகிறார். ஆமாம், பெயர் கோர்பின். 370 வருஷத்துக்கு முன்னால் பாறையில் உடைந்த கப்பலின் அதே பெயர். நானாக இட்டுக்கட்டவில்லை. கொழும்பிலிருந்த மாலத்தீவுத் தூதரகத்தில் வேலை செய்த அகமது நசீம் என்கிற இளைஞர் அவரைக் கூட்டிப் போனார். 1972 பிப்ரவரியில் கோர்பின் இருபது சொச்சம் இத்தாலியர்களோடு திரும்பி வந்தார்.

அவர்கள் எங்கே தங்கினார்கள் என்பதுதான் முக்கியம். ஹோட்டல் என்று ஒன்று நாட்டிலேயே கிடையாது. மாலேயில் மூன்று வீடுகளில் தங்கினார்கள். சாதாரண வீடு. வீட்டுக்காரர்கள் பிடித்த மீன், வீட்டுக்காரர்கள் சமைத்த சாப்பாடு. அதாவது மாலத்தீவின் முதல் சுற்றுலா விடுதி என்பது உள்ளூர்க்காரன் வீட்டு அறை.

அதே வருஷம் அக்டோபர் 3ஆம் தேதி, மாலேக்குப் பக்கத்தில் விஹமனாஃபுஷி என்கிற ஆளில்லாத தீவில் நாட்டின் முதல் ரிசார்ட் திறந்தது. 30 அறை. பவளக்கல் சுவர், தென்னங்கீற்றுக் கூரை, குளிக்க உப்புக் கரிக்கும் தண்ணீர். நசீம், முகமது உமர் மணிக்கு, உசேன் அஃபீஃப் ஆகியோர் சேர்ந்து உருவாக்கியது. பெயர் 'குரும்பா'. திவேஹியில் இளநீர்க் காய். தமிழில் தென்னையின் பிஞ்சுக் காயைக் குரும்பை என்கிறோம் இல்லையா, அதே உறவு. ஐ.நா. சார்பில் வந்தவர்கள் இங்கே சுற்றுலாவெல்லாம் நடக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்பது மாலத்தீவில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை.

நடந்தது. நடந்த விதத்தில்தான் பிரச்சினை.

ஆளில்லாத ஒரு தீவு, அதில் ஒரே ஒரு ரிசார்ட். இதுதான் அரசின் கொள்கை ஆனது. ஆட்கள் வாழும் தீவில் வெளிநாட்டுக்காரர் தங்கக் கூடாது. ஆரம்பத்தில் ஊர்த் தீவுகளில் அங்கங்கே இருந்த சின்ன விடுதிகளும் 1980களில் தடை செய்யப்பட்டன. சுற்றுலாப் பயணி பகலில் ஊர்த் தீவுக்கு வரலாம், டி-ஷர்ட், சங்கு மாலை வாங்கலாம், பொழுது சாய்வதற்குள் ரிசார்ட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

சொல்லப்பட்ட காரணம்: இது முஸ்லிம் நாடு. மதுவும் நீச்சல் உடையும் ஊருக்குள் வந்தால் பண்பாடு கெடும். இந்தக் காரணத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஒரு சின்னச் சமூகம் தன் வாழ்க்கைமுறையைக் காப்பாற்ற நினைப்பது நியாயம்தான். ஆனால் அந்த வேலி பாதுகாத்தது பண்பாட்டை மட்டுமல்ல. ரிசார்ட் கட்டத் தீவைக் குத்தகைக்கு எடுக்க முடிந்தது பணமும் செல்வாக்கும் உள்ள சிலரால்தான். மற்றவர்களுக்கு அந்தக் கடற்கரைக்குள் நுழைய ஒரே வழி யூனிஃபார்ம்.

என் விடுதிக்காரர் அப்படிப் போனவர். 17 வயதில் ரிசார்ட்டில் ரூம் பாய். 14 வருஷம். மாசக் கணக்கில் அங்கேயே தங்கல், எப்போதாவது வீட்டுக்கு வருவது. "ஜெர்மன் கொஞ்சம் பேசுவேன், இத்தாலியன் பேசுவேன். என் பையன் நடக்க ஆரம்பிச்சதை நான் பார்க்கல" என்றார். கஞ்சி கொண்டு வந்து வைத்துவிட்டு, வாசலில் நின்றபடியே.

இங்கே ஒரு டாக்டராக எனக்கு உறுத்திய ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். 2009இல் மாலத்தீவில் எடுத்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 19 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஐந்தில் ஒரு குழந்தை. ஒரு வேளை குறைந்த உணவால் உயரம் குறையாது. வருஷக் கணக்கில் சத்து போதாமல், அடிக்கடி வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தால்தான் குறையும். தெற்காசியாவின் பணக்கார நாடுகளில் ஒன்று. ரிசார்ட்டில் சாப்பாட்டு மேசை நீள நீளமாகப் போட்டிருப்பார்கள். அடுத்த தீவில் இந்தக் குழந்தைகள். உலகத்தோடு ஒப்பிட்டால் இது மிக மோசமான எண் இல்லை, நம் நாட்டு எண் இதைவிட மோசம். ஆனாலும் மலேரியாவை ஒழித்துக் காட்டிய அரசுக்கு இது ஏன் முடியவில்லை? கொசுவுக்கு மருந்தடிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. வருமானத்தைப் பிரிப்பதில் இருந்தது. இது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

சரி, வேலி எப்படி உடைந்தது? அதற்கும் மாஃபுஷிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கடற்கரைப் படங்களில் அது தெரியாது. தீவின் ஒரு முனையில் உயரமான மதில். மாலத்தீவின் பெரிய சிறை அது.

2003 செப்டம்பர் 19. இவான் நசீம் என்கிற 19 வயதுக் கைதி அங்கே காவலர்கள் அடித்ததில் இறந்தார். மறுநாள் அதைக் கேட்டுக் கொந்தளித்த கைதிகள் மேல் துப்பாக்கிச் சூடு. மேலும் மூன்று பேர் இறந்தார்கள், பலருக்குக் காயம். வழக்கமாக இந்த மாதிரி மரணங்கள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். துணி சுற்றி, சீக்கிரம் அடக்கம் செய்துவிடச் சொல்வார்கள். இவானின் தாய் மறுத்தார். மகன் உடம்பை ஊர் பார்க்கட்டும் என்றார். பார்த்தார்கள். காயங்கள் மறைக்க முடியாதவை. மாலே தெருக்களில் அதுவரை யாரும் பார்த்திராத கலவரம்.

காவலர் கூட்டி வரும் கைதியைப் பார்த்து உடற்தகுதிச் சான்று எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. ராத்திரி இரண்டு மணிக்கு, கேஷுவால்ட்டியில், பக்கத்திலேயே போலீஸ் நிற்க, "அடிச்சாங்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்வதில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பதும் பார்க்காததும் எழுதுகிறவன் கையில் இருக்கிறது. அந்த மதிலைப் பார்த்தபோது எனக்கு வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

அப்போது அதிபர் மவுமூன் அப்துல் கயூம். 1978 முதல் ஆட்சியில் இருந்தவர். தேர்தல் என்றால் ஒரே வேட்பாளர், வேண்டும் வேண்டாம் என்று மட்டும் வாக்கு. இவான் இறந்த பிறகு அது அப்படியே தொடர முடியவில்லை. அந்த நவம்பரில் முகமது நஷீதும் நண்பர்களும் கொழும்பில் இருந்தபடி கட்சி தொடங்கினார்கள். 2005இல் கட்சிகளுக்கு அனுமதி. இடையில் 2004 சுனாமி, மாஃபுஷியில் ஏராளமான வீடுகள் சேதம், விடுதிக்காரரின் வீடும் அதில் ஒன்று. 2008இல் புதிய அரசியலமைப்பு, முதல் பலகட்சி அதிபர் தேர்தல். நஷீத் ஜெயித்தார்.

2009இல் அவருடைய அரசு, ஆட்கள் வாழும் தீவுகளில் விடுதி நடத்த அனுமதி கொடுத்தது. 2010இல் மாஃபுஷியில் முதல் விடுதி திறந்தது. பிறகு ஒன்று பார்த்து ஒன்று. சுனாமியில் உடைந்த வீட்டைத் திரும்பக் கட்டியவர்கள் மேலே இரண்டு அறை சேர்த்துக் கட்டினார்கள். என் விடுதிக்காரர் அண்ணனோடு சேர்ந்து, வங்கிக் கடன் வாங்கி, முதலில் நான்கு அறை போட்டார். ரிசார்ட்டில் 14 வருஷம் கட்டிலுக்கு விரிப்பு மாற்றியவருக்கு விரிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்று அந்தச் சின்னத் தீவில் மட்டும் 50க்கு மேல் விடுதிகள்.

ஆனால் சினிமா மாதிரி சுபம் போட முடியாது. 2012இல் நஷீத் பதவி இழந்தார். 2015இல் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் அவருக்கு 13 வருஷத் தண்டனை. அடைத்து வைத்த இடங்களில் ஒன்று இதே மாஃபுஷி சிறை. யாருடைய அரசு அனுமதி கொடுத்ததோ அவர் மதிலுக்கு உள்ளே, அந்த அனுமதியில் கட்டிய அறைகளில் மதிலுக்கு வெளியே உலகமே வந்து தங்கிக்கொண்டிருந்தது. நஷீத் 2016இல் சிகிச்சைக்காக இங்கிலாந்து போனார். அவரை அடைத்த ஆட்சியின் அதிபர் யாமீன் 2019இல் ஊழல் வழக்கில் தண்டனை பெற்று அதே சிறைக்கு வந்தார். அந்தச் சிறை யாரையும் கட்சி பார்த்து ஒதுக்குவதில்லை.

பண்பாட்டுக் கவலை என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஊருக்குள் மது கிடையாது. வேண்டியவர்களுக்குக் கடலில் தள்ளி நங்கூரம் போட்ட படகுகளில் கிடைக்கிறது, சின்னப் படகில் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார்கள். நீச்சல் உடைக்கு என்று கடற்கரையின் ஒரு பகுதியைத் தடுப்பு போட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் சட்டை போட வேண்டும். பாங்கு ஒலிக்கும்போது கடைகளை மூடிவிட்டுத் தொழுகைக்குப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை ஃபெர்ரி கிடையாது. பெரிய மோதலாக எதுவும் என் கண்ணில் படவில்லை. ஐந்து நாளில் பார்த்ததை வைத்து அதற்கு மேல் சொல்லக் கூடாது.

கண்ணில் பட்டவை வேறு. குப்பை. கான்கிரீட் நெருக்கம். என் அறையைப் பெருக்கிய பையன் பங்களாதேஷிலிருந்து வந்தவன், இரண்டு வருஷமாக ஊருக்குப் போகவில்லை. விடுதிக்காரரின் பழைய வேலையை இப்போது அவன் செய்கிறான். இதை விடுதிக்காரரிடம் சொன்னேன். "தெரியும் டாக்டர்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

இன்னொன்றும் சொன்னார். நான் தமிழ் என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே "நவம்பர் 3" என்றார். நாம் ராஜராஜன் கல்வெட்டில் வரும் 'பழந்தீவு பன்னீராயிரம்' மாலத்தீவுதான் என்று ஸ்டேட்டஸ் போட்டுப் பெருமைப்படுவோம். அவர்கள் ஞாபகத்தில் இருப்பது அது இல்லை. 1988 நவம்பர் 3. அப்துல்லா லுத்துஃபி என்கிற மாலத்தீவு வணிகருக்காக, இலங்கைத் தமிழ் இயக்கமான பிளாட்டைச் சேர்ந்த சுமார் 80 பேர் ஆயுதத்தோடு மாலேயில் இறங்கி ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். அன்று ராத்திரியே இந்திய பாராசூட் படை வந்து முறியடித்தது. மாலே மக்களும் செத்தார்கள். அங்கே அது இன்றும் வெற்றி நாள், அரசு விடுமுறை. "உங்க ஆளுங்கதான் வந்தாங்க, உங்க ஆளுங்கதான் காப்பாத்தினாங்க" என்றார். அவருக்கு இரண்டு பேரும் 'உங்க ஆளுங்க'தான். நான் விளக்கப் போகவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

ஸ்மியர் நெகட்டிவ். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் காலை மாஸ் ஹுனி சாப்பிட்டேன். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை பிசைந்தது, கூட மெல்லிய ரொட்டி. நோயிலிருந்து எழுந்தவனுக்கு அந்த ருசி தனி. பில்லில் ஐந்து ராத்திரி அறை, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசுக்குப் பசுமை வரி. கஞ்சிக்கும் பைக்குக்கும் எதுவும் போடவில்லை. கேட்டேன். கையை மட்டும் ஆட்டினார்.

ஊர் வந்த மறுநாள் அந்தத் திருநெல்வேலி டாக்டரிடமிருந்து வாட்ஸ்அப். "சார், ஃபீவர் திரும்ப வந்துச்சா? ரிஜிஸ்டர்ல எழுதணும்." இல்லை மேடம் என்று பதில் போட்டேன்.

அப்போது நான் ஓபியில் இருந்தேன். எதிரில் கட்டட வேலைக்கு வந்த ஒரு பையன், வடமாநிலம், நான்கு நாளாகக் குளிர் காய்ச்சல். சீட்டில் முதல் வரியாக மலேரியா ஸ்மியர் எழுதினேன்.